குழாயை ஜப்தி செய்ய முடியுமா?

சரக்கு வாங்கியவர் பாக்கியைத் தராவிட்டால் நாம் கோர்ட்டுக்குப் போகிறோம். டிக்ரி வாங்கி ஜப்தி செய்கிறோம். கடன் வாங்கியது ஓர் ஊரின் நிர்வாகமாக இருந்தால்? பூமிக்கடியில் கிடக்கும் சாக்கடைக் குழாயைத் தோண்டி எடுத்து ஏலம் விட முடியுமா? அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதற்கு விடை சொல்கிறது.

அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் நகரம் அடங்கிய பகுதி ஜெபர்சன் கவுண்டி. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. கழிவுநீர் ஆறுகளில் கலப்பதைத் தடுக்க 1996-ல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி குழாய்களைச் சீரமைக்க, கவுண்டி கடன் பத்திரங்களை வெளியிட்டது. 2002, 2003-ம் ஆண்டுகளில் கடனின் பெரும்பகுதி மாறும் வட்டிக்கு மாற்றப்பட்டது. 2008 நிதி நெருக்கடியில் வட்டி எகிறியது, தவணை தவறியது. நிலுவை சுமார் 320 கோடி டாலர்.

பத்திரங்களுக்கு ஈடாக இருந்தது கழிவுநீர்க் கட்டண வசூல் மட்டுமே. ஆகவே, பத்திரம் வாங்கியவர்கள் சார்பில் டிரஸ்டி வங்கி வழக்குத் தொடர்ந்தது. 2010 செப்டம்பரில் மாநில நீதிமன்றம் ஒரு ரிசீவரை நியமித்தது. குழாய்களை விற்பதல்ல அவர் வேலை. கழிவுநீர்த் துறையை நடத்துவது, கட்டணத்தை நிர்ணயிப்பது, வசூலிப்பது ஆகியவையே. கடை கைமாறவில்லை, கல்லாப்பெட்டியின் சாவி மட்டும் கைமாறியது எனலாம்.

மாநிலத்தின் கையில் இன்னொரு சாவியும் உண்டு. மாநிலச் சட்டம் அனுமதித்தால்தான் உள்ளாட்சி அமைப்பு மத்திய திவால் சட்டத்தின் 9-ம் அத்தியாயத்தில் புகலிடம் தேட முடியும். அவ்வழியில் 2011 நவம்பர் 9-ல் கவுண்டி மனுச் செய்தது. 2012 ஜனவரியில் திவால் நீதிமன்றம், நிர்வாகம் இனி ரிசீவரிடம் இல்லை, கவுண்டியிடமே எனத் தீர்ப்பளித்தது.

முடிவு 2013 டிசம்பரில் வந்தது. கடன் கொடுத்தவர்கள் 100 கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுத்தனர். எஞ்சியதைத் தீர்க்கச் சுமார் 178 கோடி டாலருக்குப் புதிய பத்திரங்கள் விற்கப்பட்டன. கழிவுநீர்க் கட்டணம் முதல் நான்கு ஆண்டுகள் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேலும், பிறகு ஆண்டுக்குச் சுமார் மூன்றரை சதவீதமும் உயர ஏற்பாடாயிற்று. அதைக் கட்டுகிறவர்களில் அவ்வூர் மளிகைக்காரரும் ஹோட்டல்காரரும் உண்டு.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. நீதிமன்றம் நஷ்டத்தை அழிப்பதில்லை. யார் எவ்வளவு சுமப்பது என்று பிரித்துத் தருகிறது. எனவே பத்திரம் வாங்குமுன், அசலும் வட்டியும் எந்த வரவிலிருந்து வரும் என்று கேளுங்கள். நம் ஊர் நிர்வாகம் கடன் வாங்கும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள். தவணை தவறினால் அந்தச் சுமை நம் கடைக்கும் வந்து சேரும்.