குறிப்பும் பாலும்: கார்ட்டூன் கதைமாந்தரைத் தமிழில் சுட்டும் முறை

கதைமாந்தர் ஒருவரின் இயல்பை வாய்விட்டுக் கூறாமல், நடையாலும் குரலாலும் உடையாலும் உணர்த்துவது கலையின் பழைய நெறி. பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. கார்ட்டூன் என நாம் வழங்கும் அசைவூட்டப் படைப்புகளில், ஆண், பெண் என்னும் வழக்கமான வரையறைக்குள் அடங்காத பால்புதுமையரைப் பெயர் சொல்லாமல் உணர்த்தும் முறையும் இக்குறிப்பின்பாற் பட்டதே.

இம்முறை தணிக்கையால் வலுப்பெற்றது. அமெரிக்கத் திரைத்துறை 1934 முதல் 1968 வரை பின்பற்றிய ஹேஸ் விதிகள் தற்பாலீர்ப்பை வெளிப்படையாகக் காட்ட இடந்தரவில்லை. எனவே கலைஞர் குறிப்பை நாடினர். விதிகள் நீங்கிய பின்னும் அவ்வழக்கம் நீங்கவில்லை. 1989இல் வெளிவந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தின் சூனியக்காரி அர்சுலா, பெண்வேடக் கலைஞர் டிவைனின் தோற்றத்தைத் தழுவி வரையப்பட்டவள். இத்தகைய கோலம் தீயோருக்கே மீண்டும் மீண்டும் வழங்கப்படுமானால், பார்க்கும் பிள்ளைகள் மாறுபட்ட தோற்றத்தையே தீமையின் அடையாளமாகக் கற்றுக்கொள்வர்.

குறிப்பு, மொழி மாறும்போது அழியவும் கூடும். 1992இல் தொடங்கிய ஜப்பானியத் தொடர் ‘சேலர் மூன்’ இதற்குத் தக்க சான்று. அதில் ஆணாகிய சோய்சைட், வட அமெரிக்க ஆங்கில மொழிமாற்றில் பெண்ணாக்கப்பட்டான். காதலர்களாகிய யுரேனஸ், நெப்டியூன் என்னும் இரு பெண்கள் உறவினராக்கப்பட்டனர். படம் மாறவில்லை, சொல் மாறியது, உறவும் மாறியது.

தமிழில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. தேக்காச் சந்தையில் ஒரே நாளில் நான்கு மொழிகள் காதில் விழும். மலாயின் ‘டியா’ ஆணையும் பெண்ணையும் ஒருங்கே சுட்டும். மாண்டரினின் ‘தா’ எழுத்தில் வேறுபட்டாலும் ஒலியில் ஒன்றே. ஆங்கிலத்தில் படர்க்கைப் பெயர் பால் காட்டும், வினை காட்டாது. தமிழிலோ ‘வந்தான்’, ‘வந்தாள்’ என வினைமுற்றே பாலை அறிவித்துவிடும். மூலத்தில் திறந்திருந்த கதவை மொழிபெயர்ப்பாளர் ஒரு விகுதியால் அடைத்துவிட இயலும்.

இவ்வினா நம் இலக்கணிகளுக்குப் புதிதன்று. பேடு எனப்பட்டோர்க்கெனத் தனி விகுதி இல்லை; அவர்கள் உயர்திணைக்குரிய விகுதிகளையே ஏற்பர் என்பது தொல்காப்பியர் முடிவு. பெண்மை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும் கொள்கிறது நன்னூல். விருப்பமே பாலைத் தீர்மானிக்கிறது என்பது இங்கே கருதத்தக்கது. அவர்கள் அஃறிணையையும் ஒப்பர் என அந்நூல் சேர்த்துரைப்பதை நாம் இன்று ஏற்பதற்கில்லை. ‘பேடி’ என்னும் சொல்லும் இன்று வசையாகத் தேய்ந்துவிட்டது. திருநங்கை, திருநம்பி என்பனவே மதிப்புடைய வழக்குகள். தமிழ்நாட்டு அரசு 2022இல் இத்துறைக்கெனச் சொற்களஞ்சியம் ஒன்றையும் வெளியிட்டது.

ஒரு பயிற்சியைப் பார்ப்போம். ‘ஷீ-ரா’ புதிய தொடரில் டபுள் டிரபிள் என்னும் உருமாறும் கதைமாந்தர் 2019இல் தோன்றினார். ஆணென்றோ பெண்ணென்றோ அடங்காத அவரை ஆங்கிலம் ‘தே’ எனச் சுட்டுகிறது. ‘தோன்றினார்’ என மேலே எழுதியதைக் கவனிக்க. பலர்பால் விகுதி பாலை மறைக்கும். ஆயினும் மரியாதையை ஏற்றும். பகைவர் வாயில் ‘அவர் நம்மை ஏமாற்றிவிட்டார்’ என்பது பொருந்தி ஒலிக்காது. ‘ஏமாற்றியது’ என அஃறிணை முற்றாக்கினால் இழிவாகும். ‘குழந்தை அழுதது’ என்பதிலுள்ள அன்பு அங்கே இல்லை. ஆனால் ‘நம்மை ஏமாற்றியது டபுள் டிரபிள்தான்’ என்றால், ‘ஏமாற்றியது’ தொழிலைக் குறிக்கும் பெயராகிப் பால் காட்டாது, இழிவும் நேராது. ‘ஏமாற்றினேன்’, ‘ஏமாற்றினாய்’ எனத் தன்மையும் முன்னிலையும் இயல்பாகவே பால் காட்டா. வழி மொழிக்குள்ளேயே இருக்கிறது.

சிங்கப்பூர் ஆசிரியருக்கு ஓர் எல்லையும் உண்டு. இரு பெண்களின் முத்தக் காட்சி இடம்பெற்ற ‘லைட்இயர்’ அசைவூட்டப் படத்திற்கு, 2022இல் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 16 வயதுக்குக் குறைந்தோர் பார்க்கலாகாது என்னும் தரம் வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் 377ஏ சட்டப் பிரிவை நீக்க நாடாளுமன்றம் முடிவுசெய்தபோதும், தரப்படுத்தும் கொள்கை மாறாது என அரசு தெளிவுபடுத்தியது. எனினும் மேற்கூறிய பயிற்சிக்குத் திரையிடல் தேவையில்லை. ஒரு வாக்கியமும் கரும்பலகையும் போதும்.

வகுப்பறையில் தம்மை எந்த விகுதியால் அழைப்பர் என அஞ்சும் மாணவர் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். கற்பனைக் கதைமாந்தர்க்கு ஏற்ற சொல்லை ஆராய்ந்து தேடப் பழகிய வகுப்பு, அம்மாணவரை அழைக்கும்போதும் எண்ணிப் பேசும். யாரையும் உயர்திணைக்குப் புறத்தே நிறுத்தாமல் பேசக் கற்பிப்பது தமிழாசிரியரின் கடமை.