போனுக்கும் ஒரு ஸ்டோர் வேண்டும்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இப்போது வியாபார நிலையங்களுக்கு இணையத் தொலைபேசிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. கடையில் ஒன்று, ஸ்டோரில் ஒன்று, கணக்குப் பகுதியில் ஒன்று என்று பூட்டிக்கொண்டு, கிளைக் கடையோடும் செலவில்லாமல் பேசிக்கொள்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் அந்தப் போன்கள் எதை நம்பி ஓடுகின்றன என்பதை முதலாளிமார் அநேகமாகக் கேட்டு வைப்பதில்லை. போன் நின்றால் ஓர்டர் நிற்கும் என்பதால் இதை நாம் தெரிந்திருக்க வேண்டும்.

மேசையில் இருக்கும் இணையப் போன் உண்மையில் ஒரு சிறிய கணினி. அதற்குள் ஒரு மென்பொருள் இருக்கிறது. இதை 'பேர்ம்வெயார்' என்பார்கள். நாம் உள்மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். இதோடு, இந்தப் போனின் இலக்கம் என்ன, இரகசியச் சொல் என்ன, எந்த எக்ஸ்சேஞ்சோடு பேச வேண்டும் என்ற விபரங்கள் அடங்கிய ஒரு கோப்பும் தேவை. மின்சாரம் வந்ததும் போன் முதலில் ரவுட்டரிடம் தனக்கொரு முகவரி கேட்கும். அதோடு, "எனது கோப்புகள் எங்கே இருக்கின்றன?" என்றும் கேட்கும். சொல்லப்பட்ட இடத்துக்குப் போய்த் தனது கோப்பை எடுக்கும். அங்கே வேறு பதிப்பு உள்மென்பொருள் இருந்தால் அதையும் இறக்கிக்கொண்டு, ஒரு முறை அணைந்து எழும்பும்.

அந்தக் கோப்புகள் இருக்கும் இடம்தான் கோப்பு சேர்வர். அநேகமான கடைகளில் அது கடைக்குள் இல்லை. வெளிநாட்டிலுள்ள தயாரிப்புக் கம்பனியிடமோ, போன் பூட்டித் தந்தவரின் மடிக்கணினியிலோ இருக்கிறது.

வன்னி வியாபாரிக்கு இதன் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. ஏ-9 பாதை 2002 இல் திறந்தது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் மறுபடியும் மூடப்பட்டது. பாதை பூட்டினால் ஸ்டோரில் இருக்கும் சாமான்தான் கைகொடுக்கும் என்பதை அந்தக் காலம் எமக்குப் படிப்பித்தது. போன் கோப்புகளுக்கும் இதே கணக்குத்தான்.

மின்சாரத்தைப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முழு நாடும் ஒரேயடியாக இருளில் மூழ்கியது. மின்சாரம் திரும்பும்போது எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் எழும்பித் தமது கோப்பைத் தேடுகின்றன. பெரும்பாலான போன்கள், சேர்வர் கிடைக்காவிட்டாலும் கடைசியாகப் பெற்ற விபரத்தை வைத்துக்கொண்டு ஓடும். ஆனால் பழுதாகிப் புதிதாக மாற்றிய போனும், விபரம் அழிந்துபோன போனும் கோப்பு இல்லாமல் வேலைக்கு வரா. உள்மென்பொருளை மாற்றும் வேளையில் மின்சாரம் போனால் நிலைமை இன்னும் மோசம். போன் பாதி எழுதிய நிலையில் செத்துவிடலாம். அப்படிப்பட்ட சில வகைப் போன்களை உயிர்ப்பிக்க, அதே கட்டடத்தில் ஒரு கோப்பு சேர்வர் இருந்தே ஆக வேண்டும்.

இந்தச் சேர்வர்கள் பேசும் பழைய, எளிமையான முறைக்கு டி.எப்.டி.பி. என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் வந்த முறை இது. கோப்பை 512 பைட் கொண்ட சிறு பொதிகளாக அனுப்பும். ஒரு பொதி கிடைத்தது என்று பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். 20 எம்.பி. அளவுள்ள உள்மென்பொருளுக்கு 40,960 பொதிகள். கடைக்குள் ஒரு பொதி போய்ப் பதில் வர ஒரு மில்லி செக்கன் என்று வைத்தால், 41 செக்கனில் வேலை முடியும். தூரத்துச் சேர்வர் ஒன்றுக்கு 200 மில்லி செக்கன் எடுத்தால், அதே வேலைக்கு இரண்டேகால் மணித்தியாலம். கம்பனிகளின் இணைய சேர்வர்கள் வேகமான வேறு முறைகளைப் பாவிக்கின்றன. ஆனாலும் பத்துப் போன்கள் தனித்தனியாக இறக்கினால் 200 எம்.பி. டேட்டா போகும். இணையம் இல்லாத நாளில் அதுவும் நடவாது.

சரி, கடையில் இதை அமைப்பது எப்படி?

முதலாவது, இதற்கென்று தனிப் பெட்டி வேண்டும். கணக்குக் கணினியிலேயே போட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். கணக்குக் கணினியை இரவில் அணைத்துவிட்டுப் போவோம். அதைவிட முக்கியம், டி.எப்.டி.பி. முறையில் இரகசியச் சொல் கேட்கும் வழக்கமே இல்லை. கோப்பின் பெயர் தெரிந்தவர் எடுத்துக்கொண்டு போகலாம். அப்படியொரு கதவைக் கடைக் கணக்கு இருக்கும் கணினியில் திறந்து வைக்கக் கூடாது. ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினி இதற்குத் தாராளமாகப் போதும். அது 5 வாட் எடுத்தால் மாதத்துக்கு 4 யுனிட்டுக்கும் குறைவு. 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினியென்றால் ஏறத்தாழ 43 யுனிட்.

இரண்டாவது, அந்தப் பெட்டிக்கு மாறாத முகவரி கொடுங்கள். உதாரணமாக 192.168.10.5. மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். விண்டோஸுக்கு 'டி.எப்.டி.பி.டி. 64', லினக்ஸுக்கு 'டி.எப்.டி.பி.டி. எச்.பி.ஏ.' என்பவை இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய முறையில் ஒரு கோப்பு 32 எம்.பி. அளவைத் தாண்டினால் சிக்கல் வரும். எனவே பெரிய பொதிகளை அனுப்பக்கூடிய சேர்வரா, போனும் அதை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ரவுட்டரின் டி.எச்.சி.பி. பகுதியில் 66 ஆம் இலக்கத் தெரிவில் இந்த முகவரியை எழுத வேண்டும். சிஸ்கோ போன்கள் 150 ஆம் இலக்கத்தையும் பார்க்கும். சில சிறிய ரவுட்டர்களில் இந்த வசதி இருக்காது. அப்போது ஒவ்வொரு போனிலும் கையால் எழுத வேண்டியதுதான்.

நான்காவது, உள்மென்பொருளைத் தயாரிப்புக் கம்பனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். மொடல்வாரியாகப் பிரித்து வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பை அழிக்க வேண்டாம். புதியது வந்தால் ஒரு போனில் மட்டும் போட்டுச் சில நாட்கள் பாருங்கள். 2023 மார்ச்சில் த்ரீ சி.எக்ஸ். என்ற தொலைபேசி மென்பொருள் நிறுவனம் வெளியிட்ட கணினிச் செயலியிலேயே திருடர்கள் நச்சு நிரலைக் கலந்துவிட்டிருந்தார்கள். பெரிய கடையின் சரக்கென்றாலும் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஐந்தாவது, மாற்றும் வேலையைக் கடை பூட்டிய பிறகு செய்யுங்கள். சேர்வருக்கு மட்டும் யூ.பி.எஸ். கொடுத்தால் போதாது. ரவுட்டருக்கும், போன்களுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஆறாவது, பூட்டு. சேர்வரில் கோப்பை எடுக்க மட்டும் அனுமதி இருக்கட்டும், போட அனுமதி வேண்டாம். 69 ஆம் இலக்க வாசலை இணையத்தின் பக்கம் திறக்கவே கூடாது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைபை வேறாகவும், போன்களின் வலையமைப்பு வேறாகவும் இருக்க வேண்டும். போன் ஏற்குமானால் விபரக் கோப்பை எச்.டி.டி.பி.எஸ். முறையில் கொடுப்பது இன்னும் பாதுகாப்பு.

இவ்வளவு கவனம் ஏன்? விபரக் கோப்பில் உங்கள் இலக்கமும் இரகசியச் சொல்லும் இருக்கின்றன. அது கையில் கிடைத்தவன் உங்கள் பெயரில் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கலாம். பில் உங்களுக்கு வரும். 2020 நவம்பரில் செக் பொயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு வருட காலத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 1,200 நிறுவனங்களின் இணையத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்குள் ஒரு கும்பல் புகுந்திருந்தது. கோல்களை விற்றுக் காசாக்குவதே அவர்கள் தொழில். எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகவே அவர்கள் உள்ளே போனார்கள். மென்பொருளைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரியின் கடையில் போன் பூட்டியவர் வெளிநாடு போய்விட்டார். கோப்புகளும் இரகசியச் சொற்களும் அவரோடு போய்விட்டன. ஒரு போனை மாற்ற வேண்டி வந்தபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. பூட்டுக் கூலி இரண்டு தடவை.

ஆகவே வியாபார நண்பர்களே, போன் பூட்ட வருபவரிடம் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க முன் மூன்று பொருள்களைக் கேட்டு வாங்குங்கள். விபரக் கோப்புகளும் உள்மென்பொருளும் அடங்கிய பென் டிரைவ் ஒன்று. எந்தப் போனுக்கு எந்த இலக்கம், அதன் மெக் இலக்கம் என்ன என்று எழுதிய தாள் ஒன்று. சேர்வரினதும் ரவுட்டரினதும் இரகசியச் சொற்கள். இம்மூன்றையும் காசோலைப் புத்தகம் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு யார் வந்தாலும் போனாலும் உங்கள் கடை பேசிக்கொண்டிருக்கும்.