ஆப்பிரிக்காவுக்கு வரலாறு உண்டா? ஒரு பாடத்துறை பிறந்த கதை

1968 டிசம்பர் 2. சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். லாரி ஒன்றில் ஒலிபெருக்கி முழங்கியது. கல்லூரியின் தற்காலிகத் தலைவர் எஸ்.ஐ. ஹயகாவா நேராக லாரி மீது ஏறி, ஒலிபெருக்கியின் வயர்களைப் பிடுங்கிப் போட்டார். தொலைக்காட்சிக் கேமராக்கள் சுற்றி நின்றதால், அவர் நாடறிந்த மனிதரானார். பின்னாளில் கலிஃபோர்னியாவின் செனட்டராகவும் ஆனார்.

மாணவர்கள் முன்வைத்த 15 கோரிக்கைகளில் முதன்மையானது, கறுப்பின மக்களின் வரலாறு, பண்பாடு, அரசியலைக் கற்பிக்கத் தனித்துறை வேண்டும் என்பது. கறுப்பின மாணவர் சங்கம் நவம்பரில் தொடங்கிய போராட்டத்தில் ஆசிய, மெக்சிக வம்சாவளி மாணவர்களும், பின்னர் ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். ஏறத்தாழ ஐந்து மாதம் நீடித்த போராட்டம் 1969 மார்ச்சில் முடிந்தபோது மாணவர்களுக்குத் துறை கிடைத்தது. ஆனால் அதற்குத் திட்டம் வகுத்துக் கொடுத்த சமூகவியலாளர் நேதன் ஹேருக்கு அங்கே வேலை நீட்டிக்கப்படவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவெங்கும் இத்தகைய துறைகள் முளைத்தன. 1969 ஏப்ரலில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் வில்லார்ட் ஸ்ட்ரெய்ட் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு அங்கே ஆப்பிரிக்க ஆய்வு மையம் திறக்கப்பட்டது. 1988இல் பிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம் இத்துறையில் முனைவர் பட்டப் படிப்பையே தொடங்கியது.

வாசலுக்கு வெளியே வளர்ந்த படிப்பு

பல்கலைக்கழகம் கதவைத் திறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தப் படிப்பு வெளியே வளர்ந்துகொண்டிருந்தது. அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர் கார்ட்டர் ஜி. வுட்சன். கறுப்பின மக்களின் வரலாற்றை ஆராய 1915இல் ஒரு சங்கத்தையும், மறு ஆண்டு ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். 1926இல் அவர் அறிமுகப்படுத்திய வரலாற்று வாரமே இன்று பிப்ரவரி முழுவதும் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அதே 1926இல், போர்ட்டோரிக்கோவில் பிறந்த ஆர்ட்டூரோ ஷாம்பர்க் தேடித்தேடிச் சேர்த்த நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் நியூயார்க் பொது நூலகம் 10,000 டாலருக்கு வாங்கியது. ஹார்லெமில் அந்தச் சேகரிப்பு இன்று பெரிய ஆய்வு மையமாக இயங்குகிறது.

அக்ராவிலும் நைரோபியிலும்

ஆப்பிரிக்கக் கண்டத்தில் போராட்டம் வேறு வடிவில் நடந்தது. ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் செய்தவற்றுக்குத்தான் வரலாறு இருக்கிறது, மற்றதெல்லாம் இருட்டு என்ற பொருளில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர் பேசியது 1963இல். அதே ஆண்டு அக்டோபரில் கானா பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தை அந்நாட்டு அதிபர் குவாமே நுக்ருமா முறைப்படி திறந்துவைத்தார். நைஜீரியாவில் வரலாற்றாளர் கென்னத் டைக்கே, அரசு அலுவலகங்களில் மட்கிக்கொண்டிருந்த ஆவணங்களைத் திரட்டி நாட்டின் ஆவணக் காப்பகத்துக்கு அடித்தளமிட்டிருந்தார்.

1968இல் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் சக ஆசிரியர்கள் இருவரும் ஆங்கிலத் துறையையே கலைத்துவிடலாம் என்று முன்மொழிந்தார்கள். ஷேக்ஸ்பியரை யாரும் படிக்கக் கூடாது என்பதல்ல அவர்கள் வாதம். கென்ய மாணவனுக்குச் சொந்த வாய்மொழி இலக்கியமும் ஆப்பிரிக்க எழுத்தும் முதலில் வரட்டும், உலகம் அங்கிருந்து விரியட்டும் என்றார்கள்.

யுனெஸ்கோ 1964இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பொது வரலாறு எட்டுத் தொகுதிகளாக விரிந்தது. அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க அறிஞர்களே.

சான்றுகள் எங்கே?

இந்தப் படிப்பின் முதுகெலும்பு சான்றுகளைப் பற்றிய கேள்விதான். அடிமைகளாக விற்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதையும் எழுதிவைக்க வழியில்லை. விற்றவர்களின் கணக்குப் புத்தகம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அப்படியானால் வரலாற்றை எதைக் கொண்டு எழுதுவது?

முதல் வழி, அந்தக் கணக்கையே எதிர்த்திசையில் படிப்பது. துறைமுகப் பதிவுகள், கப்பல் குறிப்புகளிலிருந்து ஆய்வாளர்கள் சுமார் 36,000 அடிமைக் கப்பல் பயணங்களைக் கணினித் தரவாகத் தொகுத்திருக்கிறார்கள். அதன் மதிப்பீட்டின்படி அட்லாண்டிக் கடலில் சுமார் 1.25 கோடி பேர் கப்பலேற்றப்பட்டார்கள். உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. இன்றைய அமெரிக்காவுக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்கோ 48 லட்சம் பேர். அமெரிக்காவை மட்டும் பார்த்தால் புலம்பெயர் ஆப்பிரிக்காவின் சிறு துண்டுதான் தெரியும் என்று இந்தத் துறை வலியுறுத்துவது இதனால்தான். பிரேசில் 2003இல் பள்ளிகளில் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-பிரேசில் வரலாற்றைச் சட்டப்படி கட்டாயமாக்கியது.

இரண்டாவது வழி, பேச்சு. தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரக் கறுப்பின மக்கள் பேசும் கல்லா மொழியை, கொச்சை ஆங்கிலம் என்று அறிஞர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். 1930களில் மொழியியலாளர் லொரென்சோ டவ் டர்னர் ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே போனார். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைக் கற்று ஒப்பிட்டு, அம்மொழிகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பெயர்களையும் சொற்களையும் 1949இல் நூலாக்கினார். எல்லாவற்றையும் கடலில் தொலைத்துவிட்டு வந்தவர்கள் என்ற எண்ணத்தை அந்த நூல் ஆட்டங்காண வைத்தது. வாய்மொழி மரபை எப்படிச் சரிபார்த்து வரலாற்றுச் சான்றாகக் கொள்வது என்பதற்கு, பெல்ஜியத்தைச் சேர்ந்த யான் வன்சினா 1961இல் முறையியலே வகுத்தார்.

நம் கடலும் இதில் உண்டு

எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், தக்காணத்தில் அகமதுநகர் அரசை நடத்தி, 1626இல் இறக்கும்வரை முகலாயப் படைகளை அலைக்கழித்தார். பின்னாளில் ஔரங்காபாத் ஆன நகரை நிறுவியவரும் அவரே. குஜராத், கர்நாடகத்தின் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் புத்தளம் அருகே இன்றும் போர்த்துக்கீசியக் கலப்புமொழியில் பாடல்கள் பாடுகிறார்கள். இந்தியப் பெருங்கடலின் இந்தப் பக்கம் அட்லாண்டிக் அளவுக்கு ஆராயப்படவில்லை.

படித்தவர்கள் எங்கே போனார்கள்?

"இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்வி அமெரிக்காவிலும் உண்டு. 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், ஸ்டான்ஃபோர்டில் வேதிப் பொறியியலோடு ஆப்பிரிக்க ஆய்வுகளையும் படித்தவர். மிஷெல் ஒபாமா பிரின்ஸ்டனில் சமூகவியலோடு ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வுகளைத் துணைப்பாடமாக எடுத்தார்.

எதிர்ப்பும் ஓயவில்லை. பள்ளி மாணவர்களுக்கான உயர்நிலைப் பாடமாக இது சோதனை முறையில் வந்தபோது, 2023 ஜனவரியில் ஃபுளோரிடா மாநில அரசு அதை அனுமதிக்க மறுத்தது. ஐந்து மாதப் போராட்டத்தில் பெற்ற துறை, அரை நூற்றாண்டுக்குப் பிறகும் தன் இருப்புக்கு நியாயம் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்தியாவில் டெல்லி பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை 1955 முதல் இயங்குகிறது; ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தனி மையம் உண்டு. வரலாறோ இலக்கியமோ அரசியலோ படிக்கும் தமிழ் மாணவர்கள் மேற்படிப்பைத் தேடும்போது இவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். சும்மா தொட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு, நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபியின் புகழ்பெற்ற முதல் நாவல் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழிலேயே கிடைக்கிறது.