அசோக் குமாரின் முகவரி

டெல்லி உயர்நீதிமன்றத்தில் அசோக் குமார் என்பவர் மீது ஏராளமான வழக்குகள் உண்டு. அப்படி ஓர் ஆள் கிடையாது. எதிராளி யாரென்றே தெரியாதபோது வழக்கில் எழுத நம் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பெயர் அது. 2022-ல் டாபர் நிறுவனம் தொடுத்த வழக்கும் இந்த அசோக் குமார் மீதுதான். டாபர் பெயரில் யாரோ இணையதளம் திறந்து, டீலர்ஷிப் தருகிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தார்கள். அந்தத் தளத்தின் பெயரை, அதாவது டொமைனைப் பதிந்தவர் யாரென்று தேடினால், விவரம் தனியுரிமைத் திரைக்குப் பின்னால் இருந்தது.

ஈரோட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு இது. ஜவுளி, மஞ்சள், எண்ணெய் என்று மண்டிகளாலும் ஏஜென்சிகளாலும் நடக்கிற ஊர். டெபாசிட் கட்டி ஏஜென்சி எடுப்பது இங்கே சாதாரணம். நிலம் வாங்கும்போது முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர்கள், பணம் கட்டச் சொல்லும் இணையதளத்துக்கு வில்லங்கம் பார்க்க வழி உண்டா என்று கேட்பது நியாயம். ஒரு காலத்தில் வழி அகலமாகவே இருந்தது. அதை அடைத்தவர்களும் நல்ல காரணத்துக்காகத்தான் அடைத்தார்கள்.

1982-ல் இணையம் என்ற பெயர்கூடப் பரவவில்லை. அமெரிக்காவில் ஆர்பாநெட் என்ற சின்ன வலையமைப்பு இருந்தது. அதைப் பயன்படுத்துகிறவர்களின் பெயர், தபால் முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள். யார் கேட்டாலும் கணினி எடுத்துக் கொடுக்கும். அந்தச் சேவைக்கு ஹூயிஸ் என்று பெயர். கிட்டத்தட்ட எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக இருந்த உலகம் அது, ஒளிக்க ஒன்றுமில்லை. மறு ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் டொமைன் முறையை வடிவமைத்தார். வலையமைப்பு உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் யார் கேட்டாலும் முகவரி தரும் பழக்கம் மட்டும் மாறாமல் கூடவே வந்தது.

அதன் பலனை நம்மூர்ச் சிறு வியாபாரிகள் நன்றாக அறிவார்கள். சென்னிமலையில் பெட்ஷீட் விற்கிற ஒருவர் டொமைன் பதிந்தால், அலுவலகம் என்று தனியாக ஏது? வீட்டு முகவரி, சொந்த செல்போன் எண். மறுநாள் காலையிலேயே போன் அடிக்கும்: "சார், வெப்சைட் டிசைன் பண்ணித் தர்றோம்." வைத்தால் அடுத்த நம்பரிலிருந்து இன்னொருவர். புதிதாகப் பதிவாகும் பெயர்களை அன்றாடம் அள்ளி, எண்களை விற்பதற்கென்றே ஒரு தொழில் நடந்தது. எரிச்சலோடு போனால் பரவாயில்லை. தனியாகத் தளம் நடத்தும் ஒரு பெண்ணின் வீட்டு முகவரியை, அவரைத் துரத்துகிறவன் சில விநாடிகளில் எடுத்துவிட முடிந்தது என்பது எரிச்சல் அல்ல, ஆபத்து.

2018 மே 25 அன்று ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. டொமைன் உலகை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு, அதற்குச் சில நாள் முன்பு அவசர விதி ஒன்றைப் போட்டு, தனிநபர் விவரங்களை மறைக்க அனுமதித்தது. ஐரோப்பியர் யார், மற்றவர் யார் என்று பிரிப்பது சிரமம் என்பதால் பல பதிவு நிறுவனங்கள் உலகம் முழுமைக்கும் சேர்த்தே திரையை இழுத்துவிட்டன. சென்னிமலைக்காரருக்கு நிம்மதி. அதே திரைக்குப் பின்னால் அசோக் குமாரும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

டாபர் வழக்கில் நீதிமன்றம் கடிந்துகொண்டது இதைத்தான்: மறைப்பு, கேட்டவர்களுக்கு மட்டும் தருகிற வசதியாக இருக்க வேண்டும், பதிகிற எல்லாருக்கும் தானாகவே ஒட்டிக் கொடுக்கக் கூடாது. நீதிமன்றத்தின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் முழுதாக உடன்பட முடியவில்லை. திரையே இல்லாத காலத்திலும் மோசடிக்காரர்கள் உண்மையான முகவரி கொடுத்ததில்லை. பொய்ப் பெயர், இல்லாத தெரு, ஒரு தற்காலிக மின்னஞ்சல். பட்டியலைத் திறந்து வைத்ததால் அகப்பட்டவர்கள் பெரும்பாலும் நேர்மையாக எழுதியவர்கள்தான். பதியும் நேரத்தில் ஆளைச் சரிபார்ப்பதும், அதை ஊருக்கு ஒட்டிக் காட்டுவதும் வேறு வேறு காரியங்கள். முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டாம். 2024 ஏப்ரலில் ஐகான் பதிவு நிறுவனங்களுடனான தன் ஒப்பந்தத்தைத் திருத்தியது எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு டொமைன் மோசடி வலை விரிக்கிறது என்பதற்குச் செல்லத்தக்க ஆதாரம் கொடுத்தால், அதை விற்ற நிறுவனம் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். ஆள் யார் என்பது பிறகு. முதலில் கடையை மூடு.

இன்னொரு வழியை நம் ரிசர்வ் வங்கி காட்டியிருக்கிறது. அதன் அழகு, பெயர் எப்படி முகவரியாகிறது என்பதிலேயே இருக்கிறது. எஸ்பிஐ.பேங்க்.இன் என்று போனில் தட்டினால், கணினி அதை வலக்கோடியிலிருந்து படிக்கும். உலகில் 13 பெயர்களில் இயங்கும் மூலக் கணினிகளில் ஒன்றிடம் 'இன்' எங்கே என்று கேட்கும். 'இன்'-ஐ நடத்தும் நிக்ஸி அமைப்பின் கணினி, 'பேங்க்' எங்கே என்று காட்டும். அது எஸ்பிஐ-யைக் காட்டும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆக, வலப்பக்கம் இருப்பவரே வாசல் காவலர். 2025-ல் ரிசர்வ் வங்கி 'பேங்க்.இன்' என்ற வாசலை வங்கிகளுக்கென்று ஒதுக்கி, சாவியை ஐதராபாத்தில் தான் நிறுவிய ஐ.டி.ஆர்.பி.டி.-யிடம் மட்டும் கொடுத்து, அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் குடிபெயர வேண்டும் என்றது. வங்கியல்லாதவர் காசு கொடுத்தாலும் அங்கே பெயர் வாங்க முடியாது.

ஏமாற்றுகிறவர்களும் இந்த வரிசையை அறிவார்கள். எஸ்பிஐ.பேங்க்.இன் என்று தொடங்கி, அதற்குப் பிறகும் ஒரு புள்ளி வைத்து வேறு பெயர் நீளுமானால், உரிமையாளர் அந்தக் கடைசிப் பெயர்க்காரர்தான். செல்போன் திரை சின்னது. கண்ணில் படுவது இடப்பக்கம் மட்டும்.

எழுத்துகளிலும் கண்ணி வைக்கலாம். 2002-ல் வெளியான ஒரு கட்டுரையில் இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர்கள் இருவர், சில ரஷ்ய எழுத்துகளைக் கலந்து மைக்ரோசாஃப்ட் போலவே தெரியும் ஒரு டொமைனைப் பதிந்து காட்டினார்கள். தமிழிலும் இது நடக்கும். 'கௌரி', 'கெளரி' இரண்டையும் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் தனி 'ள'-வும். பல எழுத்துருக்களில் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. கணினிக்கோ அவை இரு வேறு எண் வரிசைகள், இரு வேறு முகவரிகள். இப்படிப்பட்ட இரட்டைகளில் ஒன்று பதிவானால் மற்றதைப் பூட்டிவைக்கும் விதிகளை, ஐகானின் கீழ் தமிழுக்கும் மற்ற இந்திய எழுத்துகளுக்குமாக உழைத்த குழு, வலக்கோடியில் வரும் உயர்மட்டப் பெயர்களுக்கென வகுத்திருக்கிறது. பொறுமையான, பெயர் வெளியே வராத வேலை அது.

'இன்' டொமைன்களில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: பதிந்தவரை மறைக்க இடையில் வேறொரு பினாமிப் பெயரைப் போட அனுமதியில்லை. பொதுவில் காட்டாவிட்டாலும், உண்மைப் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். யாராவது நம் பெயரை அபகரித்தால் 2005 முதல் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். டொமைனுக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சென்னையின் சிஃபி நிறுவன வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் நடுவர் கட்டணமும் வக்கீல் செலவும் பெரிய கம்பெனிக்குத் தாங்கும். மண்டிக்காரருக்கோ தறிக்காரருக்கோ தாங்காது.

ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பவானி ஜமக்காளத்துக்கு அதற்கு முன்பே உண்டு. பெட்டியில் பொய்யாக அந்தப் பெயரை அச்சிட்டால் சட்டம் கேட்கும். இணையத்தில் அதே பெயரோடு ஒரு டொமைனை, சில நூறு ரூபாய்க்கு, உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் இன்றைக்கே பதிந்துவிடலாம். வங்கிகளுக்கு ஒதுக்கியதைப் போல, குறியீடு பெற்ற பொருள்களின் உற்பத்தியாளர்களுக்கும் 'இன்'-க்குள் ஒரு வாசலை நிக்ஸி ஒதுக்கலாம். சாவியை அந்தந்த உற்பத்தியாளர் சங்கத்திடம் கொடுக்கலாம். தொழில்நுட்பம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் மஞ்சள் வணிகர்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும்தான்.