மலைப்பாதையும் சக்கரப் பேரிங்கும்

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே, கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது வட்டகொடை. 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதை இவ்வூர் வழியாகவே செல்கின்றது. ஆயினும் தோட்டத்து லயங்களுக்கும் மரக்கறிப் பாத்திகளுக்கும் புகையிரதம் வந்து நிற்பதில்லை. அங்கெல்லாம் சென்று பாரம் ஏற்றி வருவது, பேச்சு வழக்கில் 'கெப்' எனப்படும் சிறு பாரவண்டியே. ஒரு குடும்பத்தின் பிழைப்பு முழுவதும் அத்தகைய ஒரு வண்டியை நம்பியிருத்தல் உண்டு.

அவ்வண்டியின் முன்சக்கரம் ஒன்று ஊளையிடத் தொடங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். பேரிங் மாற்றப்படுகின்றது. இரண்டு திங்களில் அதே சக்கரம் மீண்டும் ஊளையிடுகின்றது. கடைக்காரரைக் குறைகூறி விலை கூடிய வேறொன்று வாங்கிப் பூட்டப்படுகின்றது, அதுவும் நிலைப்பதில்லை. முதற்பேரிங் முதுமையினால் கெட்டிருக்கலாம். அடுத்தடுத்தவையும் விரைவிற் கெடுமாயின், வேறெங்கோ உள்ள நோய் பேரிங்கில் வந்து வெளிப்படுகின்றது என்றே கொள்ளல் வேண்டும். போலிப் பேரிங்குகள் சந்தையில் உலவுவது மெய்யே. எனினும் எல்லாப் பழியையும் அவற்றின்மேற் சுமத்துவது எளிய வழியேயன்றிச் சரியான வழியன்று.

பாடநூல்கள் இதனைத் 'தாங்கி' என்று அழைக்கும். சுழலாத அச்சுக்கும் சுழலும் சக்கரத்துக்கும் இடையே உருண்டு, உராய்வைக் குறைத்து, வண்டியின் பாரத்தைத் தாங்குவது அதன் தொழில். அமெரிக்காவில் சென்ற் லூயிஸ் நகரில் குதிரைவண்டிகள் செய்து வந்த ஹென்றி டிம்கன் என்பார், பாரவண்டிகள் வளைவுகளில் திரும்பும்போது படும் இடரைக் கண்டார். நேர்ப்பாதையில் பாரம் மேலிருந்து மட்டுமே அழுத்தும். வளைவிலோ பக்கவாட்டிலும் தள்ளும். இவ்விரு விசைகளையும் ஒருங்கே தாங்குமாறு கூம்பு வடிவ உருளைகளைக் கொண்ட பேரிங்குக்கு 1898இல் அவர் காப்புரிமை பெற்றார். தலவாக்கலையிலிருந்து வட்டகொடைக்கு ஏறும் வண்டி, வளைவுதோறும் அப்பக்கத் தள்ளலைத் தாங்கியே ஏறுகின்றது.

மலைநாட்டுக்கே உரிய வேறொரு கேடும் உண்டு. பாரத்தோடு இறக்கத்தில் வரும் வண்டியைச் சாரதி பிரேக்கினாலேயே கட்டுப்படுத்துவாராயின், பிரேக்கின் சூடு ஹப்புக்குள் பரவும். உள்ளிருக்கும் காற்று விரிந்து ஓரளவு வெளியேறும். மே முதல் செப்டெம்பர் வரை நீடிக்கும் தென்மேற்குப் பருவமழையில், அச்சூட்டோடு சக்கரம் பாதையைக் குறுக்கறுக்கும் நீரில் இறங்கும்போது ஹப் திடீரெனக் குளிர்கின்றது. உள்ளே எஞ்சிய காற்று சுருங்குகின்றது. சுருங்கிய காற்று, தேய்ந்த ஒயில் சீலின் விளிம்பு வழியாகச் சேற்றுநீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கின்றது. கிரீஸ் பால்போல் வெளுத்து வலுவிழக்கும். பிறகு துருப் பிடிக்கும். இந்நிலையில் புதிய பேரிங்கைப் பூட்டிப் பழைய சீலையே வைத்துவிடுவது, ஓட்டையை அடைக்காமல் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

ஆதலால் கழற்றிய பேரிங்கைக் குப்பையில் எறிதல் கூடாது. அதனை மண்ணெண்ணெயிற் கழுவி, வெயிலிற் பிடித்துப் பார்த்தால் அது தன் கதையைச் சொல்லும். செந்நிறத் துரு, நீர் புகுந்தமைக்குச் சான்று. நீலமோ கரும்பழுப்போ படர்ந்திருப்பின், மிகுசூடு காரணம்: நட்டு அளவுக்கு மேல் இறுகியிருக்கலாம், கிரீஸ் வற்றியிருக்கலாம், பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். உருளைகளின் இடைவெளிக்கு ஒப்ப வளையத்தில் வரிசையாகத் தழும்புகள் தென்பட்டால், சுத்தியலால் அடித்துப் பூட்டியவர் கையே குற்றவாளி. ஓடுபாதையின் ஒரு பக்கம் மட்டும் செதில்செதிலாக உரிந்திருந்தால், அச்சின் வளைவையோ வளையத்தின் சாய்வையோ ஐயுற வேண்டும். வண்டியின் உடற்பகுதியை வெல்டிங் செய்யும்போது 'ஏர்த்' கம்பியைத் தகாத இடத்திற் பூட்டினால், மின்னோட்டம் பேரிங்கினூடாகப் பாய்ந்து நுண்குழிகளை உண்டாக்குவதும் உண்டு. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாரத்தின் கணக்கும் கடுமையானது. பாரம் இரு மடங்கானால் ஆயுள் பாதியாகும் என்று கருதுவோர் பலர். உருளைப் பேரிங்கில் அது ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பது பொறியியலார் கையாளும் கணக்கு. அழகுக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளிப் பூட்டும் வழக்கமும் பேரிங்கின்மேல் விழும் நெம்புவிசையை மிகுவிக்கும்.

வெளிவளையம் ஹப்பினுள் இறுகப் பொருந்தியிருத்தல் வேண்டும். அது கைவிரலாலேயே கழன்று வருமாயின் ஹப்பின் குழி தேய்ந்துவிட்டது என்று பொருள். எத்தனை பேரிங் மாற்றினும் அங்கே நிலைக்காது. உளியால் அக்குழியைக் கொத்திப் பிடிப்பு உண்டாக்கும் உபாயம் சில நாள்களே உதவும். ஹப்பை மாற்றுவதே தீர்வு. சீலின் உதடு உராயும் இடத்தில் வரிப்பள்ளம் விழுந்திருப்பினும், புதுச் சீல் நீரைத் தடுக்காது.

கூம்புருளைப் பேரிங்கைப் பூட்டும்போது உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் ஒருசேர மாற்ற வேண்டும். பழையதன் தேய்வு புதியதையும் கெடுக்கும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, உருளைகளின் இடுக்கெல்லாம் புகுமாறு அழுத்துதல் நன்று. வெவ்வேறு வகைக் கிரீஸ்களைக் கலத்தலாகாது. சில கலந்தவுடன் இளகி ஒழுகிவிடும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் அமர்ந்தபின் தளர்த்தி, வண்டியின் கைந்நூல் கூறும் அளவுக்கு மீண்டும் இறுக்கி, புதிய பின்னைச் செருக வேண்டும். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் பேரிங் முற்றிலும் மூடப்பட்ட ஒரே உறுப்பாக வருகின்றது. அதற்குக் கிரீஸ் இடும் வேலையில்லை. நட்டின் இறுக்கம் மட்டும் அளவு தவறக்கூடாது.

உப்பு வணிகரான உமணர், வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூறு குறிக்கின்றது. எதிர்பாரா இடருக்கு அது ஏற்ற முன்னேற்பாடு. ஆனால் பெட்டியில் எப்போதும் உபரிப் பேரிங் ஒன்றை வைத்துக்கொண்டு, காரணத்தைத் தேடாமல் ஓடும் சாரதி உமணரைப் பின்பற்றுவதாகக் கொள்ள முடியாது. முற்றிலும் சிதைந்த பேரிங், சக்கரத்தையே அச்சிலிருந்து கழலச் செய்யும். ஒருபுறம் மண்மேடும் மறுபுறம் பள்ளமுமாகச் செல்லும் பாதையில், பின்தட்டில் ஆள்களும் இருப்பின், விளைவு யாதாகும் என்று விளக்கத் தேவையில்லை.

புதிய பேரிங் பூட்டிய வண்டி முதல் இறக்கத்தை முடித்ததும், ஓரமாக நிறுத்தி இருபக்கத்து ஹப்புகளின் அருகிலும் புறங்கையை மெல்லக் கொண்டுசென்று பார்க்கலாம். ஒன்றைவிட மற்றது மிகச் சூடாயிருப்பின் அன்றே கழற்றிப் பார்த்தல் வேண்டும். சில நாள் ஓடியபின் ஜாக்கியில் உயர்த்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகின்றதா என்பதும் புலப்படும். இதற்கு வேண்டியது கால்மணி நேரமும், மழை நின்ற ஒரு மாலைப்பொழுதும்.