சிறுநீரில் ரத்தம்: இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

ஒரு லிட்டர் சிறுநீரைச் சிவப்பாக்க எவ்வளவு ரத்தம் வேண்டும் தெரியுமா? ஒரே ஒரு மில்லி! கால் டீஸ்பூனைவிடக் குறைவு. அதனால் பாத்ரூமில் சிவப்பைப் பார்த்ததும் உடம்பு ரத்தமெல்லாம் வடிந்துவிட்டதாகப் பதற வேண்டாம். அதே சமயம், கண்ணுக்கே தெரியாமலும் ரத்தம் போகும். மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை வட்டத்துக்குள் மூன்று சிவப்பணுக்கள் தென்பட்டாலே, "இது எங்கிருந்து வந்தது?" என்று டாக்டர்கள் தேட ஆரம்பித்துவிடுவார்கள்!

சென்னை முகப்பேரில் கத்திரி வெயில் கொளுத்தும்போது யாருக்காவது சிறுநீர் சிவந்தால், வீட்டில் உடனே சொல்வது "உடம்பு சூடு". இளநீர் வரும், நீர்மோர் வரும், வாழைத்தண்டு ஜூஸ் வரும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகும், கடுக்கும். அதுவரைக்கும் சரிதான். ஆனால் ரத்தம் வந்தால் சூடு என்று விட்டுவிட முடியாது. கல்லா, கிருமித்தொற்றா, கட்டியா என்று பார்த்தே ஆகவேண்டும். இதில் பலரும் ஏமாறும் இடம் எது தெரியுமா? சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து ஒரு நாள் ரத்தம் வரும், தானாக நின்றுவிடும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட எட்டிப் பார்க்காது! இடையில் குடித்த இளநீருக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். வலியும் இருக்காது. கல் என்றால் விலாவில் தொடங்கி அடிவயிறு வரை சுருட்டி இழுக்கும், ஆளே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். வலியே இல்லாமல் வந்து நின்றுபோன ரத்தத்துக்கு யார் ஓடுகிறார்கள்? நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் காட்டிவிட வேண்டும்.

சிறுநீர் கழிக்கும்போது எந்த நேரத்தில் ரத்தம் வருகிறது என்பதே ஒரு துப்பு தெரியுமா? ஆரம்பத்தில் மட்டும் வந்தால் சிறுநீர்க்குழாய்ப் பக்கம் சந்தேகம். கடைசிச் சொட்டுகளில் வந்தால் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி, ஆண்களுக்கு ப்ராஸ்டேட். முதலிலிருந்து முடிவு வரை ஒரே மாதிரி வந்தால் சிறுநீர்ப்பை அல்லது அதற்கும் மேலே. சிவப்பாக இல்லாமல் டிகாஷன் நிறத்தில், நுரையோடு போனால் சிறுநீரகத்தின் வடிகட்டியே பழுதாகியிருக்கலாம். அந்த வடிகட்டியின் இடுக்கில் நசுங்கி வரும் சிவப்பணுக்கள் வட்ட வடிவத்தையே இழந்து, பக்கவாட்டில் குமிழ்கள் முளைத்து நிற்கும். அனுபவமுள்ள கண்கள் மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்தே, ரத்தம் வடிகட்டியிலிருந்துதான் வருகிறது என்று சொல்லிவிடும்!

அந்த வடிகட்டிக்கும் காதுக்கும் சொந்தம் உண்டு தெரியுமா? சிறுநீரில் ரத்தம், கூடவே காது மந்தம் என்று ஒரே குடும்பத்தில் தொடர்வதை 1927-ல் ஆல்போர்ட் என்ற மருத்துவர் எழுதினார். இரண்டு இடத்திலும் ஒரே வகைக் கொலாஜன்தான் இருக்கிறது என்பது பிற்பாடு புரிந்தது. டாக்டர் திடீரென்று "உங்க வீட்ல யாருக்காவது காது கேட்காதா?" என்று விசாரித்தால் காரணம் இதுதான்.

இப்போது சொல்லப்போவது என்னை உலுக்கிய செய்தி. 1895-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கண்டு சொன்னார். பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் குற்றவாளிகளாகச் சிக்கிய ரசாயனங்களில் பென்சிடின் ஒன்று. அந்த பென்சிடின் லேப்களில் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்க! ரத்தம் இருந்தால் நீலமாக மாறும் என்று எத்தனையோ ஆண்டுகள் லேப் ஊழியர்கள் அதைக் கையாண்டார்கள். சிறுநீர்ப்பையில் புற்றைக் கிளப்பக்கூடிய பொருளை வைத்து ரத்தம் தேடியிருக்கிறார்கள்! முகப்பேருக்கு அடுத்து அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பெயின்ட், சாயம், ரப்பர் வேலையில் காலம் கழித்தவர்கள், ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆகியிருந்தாலும், அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். கட்டி வெளிப்பட அத்தனை வருஷம் எடுக்கலாம். சாயத் தொழிற்சாலைப் பக்கமே போகாதவர்களுக்கு? சாயக் குற்றவாளிகளில் இன்னொன்றான நாப்தைலமின் சிகரெட் புகையிலும் இருக்கிறது! இழுத்த புகையின் நச்சை ரத்தம் வாங்கி, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீர்ப்பை மணிக்கணக்கில் தேக்கி வைக்கிறது.

கண்ணாடி விரியன் கடித்தாலும் சிறுநீர் சிவக்கும் தெரியுமா? அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தையும் தாக்கும். ஏரியும் புதரும் மிச்சமிருக்கும் ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் இது ஞாபகத்தில் இருக்கட்டும். அந்த நேரத்தில் கட்டுப் போடுவதோ வாயால் உறிஞ்சுவதோ வேண்டாம், நேராக 108.

இதய சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் முகப்பேரில்தான் இருக்கிறது. வால்வு மாற்றியவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிறுநீரில் ரத்தம் வந்ததும் "மாத்திரையாலதான்" என்று சமாதானம் ஆகிவிடுகிறார்கள். அங்கேதான் விஷயம்! உள்ளே ஏற்கெனவே ஒளிந்திருந்த கட்டியையோ கல்லையோ அந்த மாத்திரை வெளிக்காட்டியிருக்கலாம். அதனால் அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே பரிசோதனை வேண்டும். மாத்திரையை மட்டும் தாங்களாக நிறுத்தவே கூடாது.

சிவப்பெல்லாம் ரத்தமா? இல்லவே இல்லை! பீட்ரூட் பொரியல் சிலருக்குச் சிறுநீரை ரோஸ் நிறமாக்கும். காசநோய்க்குச் சாப்பிடும் ரிஃபாம்பிசின் ஆரஞ்சாக்கும். ஜிம்மில் முதல் நாளே உடம்பை முறித்துக்கொண்டவருக்குத் தசை உடைந்து சிறுநீர் கறுத்துப் போகும். உடைந்த தசையிலிருந்து வரும் புரதம், சிறுநீரில் தோய்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் ரத்தம் மாதிரியே பச்சை காட்டும்! இதற்கு நேர்மாறாக, வைட்டமின் சி மாத்திரையை நிறையப் போட்டிருந்தால், ரத்தம் இருந்தும் ஸ்ட்ரிப் நிறம் மாறாமல் போகலாம். ஆகவே ஸ்ட்ரிப்போடு முடியாது, மைக்ரோஸ்கோப்பும் பார்க்க வேண்டும். லேபில் 'யூரின் ரொட்டீன்' என்று கேட்டாலே இரண்டும் அதில் அடக்கம்.

டப்பாவில் பிடிக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். மாதவிலக்கு நாட்களில் கொடுக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். நேரமானால் நீர்த்த சிறுநீரில் சிவப்பணுக்கள் உடைந்து கரைந்துவிடும்.