தெருவைத் தாண்டிய அலை

சென்ற மாதம் தர்மபுரி ஜில்லா பாலக்கோட்டுக்கு அருகே ஒரு நண்பர் இல்லத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். அவருக்குத் தெருவின் இரு சிறகிலும் வீடுகள். இன்டர்நெட் வந்து சேர்வது கீழண்டை வீட்டில். அவருடைய குமாரி உத்தியோகம் பார்ப்பதோ மேலண்டை வீட்டு மாடி அறையில். அங்கே கணினி, டெலிபோன், அச்சு யந்திரம் மூன்றும் கம்பியின்றேல் பேசாதவை. தெருவுக்கு மேலே கட்டிய கம்பியைக் கரும்பு ஏற்றிய டிராக்டர் இரு முறை அறுத்துவிட்டது. இன்னொரு முறை அறுந்தால் பெண் பெங்களூர் விடுதிக்குப் போகவேண்டியதுதான். பாட்டியாருக்கு அக்கவலையில் உறக்கமில்லை.

நண்பர் கம்பியைத் துறந்தார். மேலண்டை ஜன்னலில் ஒரு சிறு பெட்டி. அது எதிர்வீட்டு வைஃபையைப் பிடித்துச் சுவிட்சுக்குத் தர, சுவிட்ச் மூன்றுக்கும் பங்கிடும். கேட்பதற்கு எளிதுதான்! ஆனால் கணினி மட்டும் வேலை செய்தது. மற்ற இரண்டும் மௌனம் சாதித்தன.

காரணம் இது. ஒவ்வொரு கருவிக்கும் பிறவி முகவரி ஒன்று உண்டு. வைஃபை நிலையமோ தன்னிடம் பதிந்துகொண்ட முகவரியோடு மட்டுமே பேசும். பெட்டி கணினியின் முகவரியை இரவல் வாங்கிப் பதிந்துவிட்டது, ஏனையோர் அனாதைகள். சாதாரண வைஃபைக் கடிதத்தில் மூன்று முகவரிகளே இருக்கும். பெட்டியின் முதுகுக்குப் பின்னால் நிற்பவரைக் குறிக்க நான்காவது வேண்டும். அதை எழுதவும் படிக்கவும் இரு முனைப் பெட்டிகளும் அறிந்திருக்கவேண்டும். இவ்வசதிக்கு டபிள்யு.டி.எஸ். என்று பெயர். வெவ்வேறு கம்பெனிச் சரக்குகள் இதில் அடிக்கடி பிணங்கிக்கொள்ளும். பெட்டியே குடும்பத் தலைவர்போல் எல்லோருக்குமாகத் தன் பெயரில் பேசும் வழியும் உண்டு. ஆனால் அப்போது கீழண்டை வீட்டார் அச்சு யந்திரத்தை எளிதில் எட்டமுடியாது.

நண்பர் ஒரே கம்பெனிப் பெட்டிகள் இரண்டை வாங்கி எதிரெதிரே நிறுத்தினார். நடுவில் ஒரு மாமரக்கிளை. ஈரமான இலைகள் அலையை உறிஞ்சிவிடும். கிளையை வெட்டப் பாட்டியார் சம்மதிக்கவில்லை. பெட்டிகளே இரண்டடி நகர்ந்தன.

1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குப் புலனாகாத அலைகளைச் சுவரின் ஊடே செலுத்தி அப்பாலிருந்த மணியை ஒலிப்பித்தார். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையார், பெர்க்லி சர்வகலாசாலையாரோடு சேர்ந்து, 2000-களின் மத்தியிலேயே வைஃபை அலையைப் பல கிலோமீட்டர் தாண்டச் செய்தனர். சுற்றுப்புற நிலையங்களுக்கு வந்த நோயாளிகளை வைத்தியர் தேனியிலிருந்தபடியே பார்த்துப் பேசினார். நண்பருக்குக் கடக்கவேண்டியிருந்தது ஒரு தெரு. ஆனாலும் ஒரு வாரம் பிடித்தது.

நாம் புறப்பட்ட அன்று கரும்பு டிராக்டர் ஒன்று அவ்வழியே சென்றது. அது முனை திரும்பும்வரை பாட்டியார் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்.